காசிமேட்டில் தொடங்கி மின்ட் தெருவில் முடியுங்கள்: பாரிமுனையையும் துறைமுகப் பகுதியையும் ஒரே நாளில் நடந்து பார்க்க முழு வழிகாட்டி

சென்னை லிங்கி செட்டி தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும் ஆபீஸில் புதிதாகச் சேரும் பையன்களும் "பாரிஸைச் சுத்திக் காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பாரிமுனையைத்தான் பேச்சில் பாரிஸ் என்போம். அவர்களாகவே கிளம்பி வந்து ஏமாந்து திரும்பியதையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

முக்கால்வாசிப் பேர் செய்வது ஒரே தப்புதான். நிதானமாக டிபனை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு ஹைகோர்ட் மெட்ரோவில் வந்து இறங்குவார்கள். அந்த நேரத்தில் காசிமேட்டில் ஏல மேடையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். பூக்கடையில் நல்ல சரக்கெல்லாம் போயிருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைக்காரர் இன்னும் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார். மிஞ்சுவது வெயிலும் ஹாரனும்தான்.

இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் போனால் தெரு தானாகவே தன்னைக் காட்டும். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். வேண்டுமானால் நடுவில் ஒன்றிரண்டை விட்டுவிடுங்கள்.

1. முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

என் தேர்வு சனிக்கிழமை. ஞாயிறன்று காசிமேட்டில் சென்னையே மீன் வாங்க நிற்கும், கால் வைக்க இடம் இருக்காது. அதே நாளில் மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை கடைகள் திறந்திருக்கும், கோர்ட் இல்லாததால் பாரிமுனையில் வண்டிகளும் கொஞ்சம் குறைவு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஃபைபர் படகுகளில் வரும் மீன்தான். ஏலம் பார்க்க வேண்டுமென்றால் இந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். படகு பார்க்க வேண்டுமென்றால் இதுதான் சரியான காலம். நூற்றுக்கணக்கான படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள், பேச்சுக் கொடுக்கவும் ஆட்களுக்கு நேரமிருக்கும்.

மழைக்காலத்தில், அதாவது அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை, மண்ணடிப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நிற்கும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் சவுக்கார்பேட்டைக்குள் போகவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் நடக்க நல்லது.

2. கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

வழுக்காத பழைய ஷூ. ரப்பர் செருப்பு போட்டு வந்தால் காசிமேட்டின் மீன் தண்ணீர் முதுகு வரை தெறிக்கும். அதோடுதான் நாள் முழுக்க நடக்க வேண்டியிருக்கும்.

ஆதாரோ வேறு ஏதாவது அடையாள அட்டையோ. கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் வாசலிலேயே சோதனை உண்டு.

பத்து, இருபது ரூபாய் நோட்டுகள். எல்லோரிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது, ஆனால் நெரிசலான சந்துக்குள் போனில் சிக்னல் வருவதில்லை.

ஒரு தண்ணீர் பாட்டில். அப்புறம், கழிப்பறை எங்கே என்பதை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ ஸ்டேஷன்களில் இருப்பதுதான் சுத்தமாக இருக்கும். மண்ணடி, ஹைகோர்ட் இரண்டும் வழியிலேயே வரும். பெண்களையும் வயதானவர்களையும் கூட்டி வரும்போது பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான்.

கார் வேண்டாம். பைக்கும் வேண்டாம். நிறுத்த இடம் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். ஓரமாக நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது வண்டி அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

3. கிளம்பும் முன் திசையையும் பெயர்களையும் பழகுங்கள்

பாரிமுனைக்குள் போன் மேப்பை நம்பி நடப்பவர்கள் ஒரு வழிப் பாதையிலும் முட்டுச் சந்திலும் மாட்டிக்கொள்கிறார்கள். அதைவிட எளிதான வழி ஒன்று உண்டு. லிங்கி செட்டி தெரு, தம்பு செட்டி தெரு, அரண்மனைக்காரன் தெரு எல்லாம் வடக்கு தெற்காக ஓடுபவை. இவற்றில் எங்கே வழி தவறினாலும் கிழக்கே நடந்தால் பீச் ரோடு வரும், மேற்கே நடந்தால் பிராட்வே, தெற்கே நடந்தால் போஸ் ரோடு. இந்தப் பாதிக்கு முத்தியால்பேட்டை என்று பெயர். பிராட்வேயைத் தாண்டி வால்டாக்ஸ் ரோடு வரை உள்ள மறுபாதி பெத்தநாயக்கன்பேட்டை. சவுக்கார்பேட்டை, கொத்தவால் சாவடி எல்லாம் அந்தப் பக்கம்.

பெயர்கள்தான் அடுத்த சிக்கல். பலகையில் ஒரு பெயர் இருக்கும், வாயில் வேறு பெயர் இருக்கும். ராஜாஜி சாலை என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள், பீச் ரோடு என்றால் உடனே கை காட்டுவார்கள். பிரகாசம் சாலை என்பது பிராட்வே. தங்கசாலை என்றால் மின்ட். பஸ்ஸில் "ஒரு பாரிஸ்" என்றால் போதும்.

ஆர்மீனியர் தெருவைத்தான் அரண்மனைக்காரன் தெரு என்கிறோம். அர்மேனியன் என்ற சொல் சென்னை வாயில் அரண்மனையாகிவிட்டது. எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் முதல் வாரம் முழுக்க அங்கே அரண்மனையைத் தேடியிருக்கிறான். அதே போல செகண்ட் லைன் பீச் என்று ஒரு தெரு உண்டு, அங்கே நின்றால் கடல் தெரியாது. துறைமுகம் வரும் முன்பு அலை எவ்வளவு அருகில் இருந்தது என்பதற்கு அந்தப் பெயர்தான் மிச்சம்.

விலாசம் தேடினால் பழைய எண்ணா, புதிய எண்ணா என்று கேளுங்கள். பல கடைகளில் இரண்டும் எழுதியிருக்கும், கூரியர் பையன்கள் பழைய எண்ணைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

4. காலை 5.30: காசிமேடு

இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் காத்திருக்காத இடம் இது ஒன்றுதான். மெட்ரோ முதல் வண்டி ஐந்து மணிக்கு. தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். "மீன்பிடித் துறைமுகம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், வெறும் காசிமேடு என்றால் மார்க்கெட் தெருவில் இறக்கிவிடுவார்கள். தூரம் அதிகமில்லை என்று இருட்டில் நடக்க வேண்டாம். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் பகுதி அது.

உள்ளே போனதும் ஏலம் நடக்கும் இடத்தில் ஓர் ஓரமாக நில்லுங்கள். கூடையைத் தரையில் கவிழ்த்ததும் ஏலக்காரர் விலை சொல்ல ஆரம்பிப்பார். சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். எடுக்கும் மீனை ஏழு மணிக்குள் தங்கள் பேட்டையில் கொண்டுபோய் வைக்க வேண்டியவர்கள். ஒரு கூடை கைமாற அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தில் நடுவில் போய்ப் போனைத் தூக்கினால் திட்டு விழும், அது நியாயமான திட்டு. அவர்களுடைய அன்றைய கூலி அந்தக் கூடையில்தான் இருக்கிறது. படம் எடுக்க ஆசையென்றால் ஏலம் முடிந்து ஐஸ் போடும்போது, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

சில்லறைக்கு வாங்குபவர்களுக்கு இங்கே கிலோக் கணக்கைவிடக் கூறு கணக்குதான் அதிகம். சின்ன மீன்களைக் குவியலாக வைத்திருப்பார்கள், அந்தக் குவியல்தான் கூறு. "கூறு எவ்வளவுக்கா?" என்று கேட்டுவிட்டு உடனே எடுக்காதீர்கள், ஒரு சுற்று நடந்து வாருங்கள். நேரம் ஆக ஆக ஐஸ் கரையும், ஐஸ் கரைய விலையும் இறங்கும். சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி, கடம்பா இவற்றில்தான் இந்தப் பேரம் படியும். பெரிய வஞ்சிரத்தில் அவ்வளவாக இறங்க மாட்டார்கள்.

மீனைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கண். முன்னுக்குத் தள்ளிப் பளிச்சென்று இருக்க வேண்டும், உள்ளே குழிந்து வெள்ளை படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து ஒரு விரலால் செவுளைத் தூக்குங்கள், ரத்தச் சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். செங்கல் நிறத்துக்கு மாறி, பிசுபிசுப்பு வந்திருந்தால் பழையது. கடைசியாக முதுகுச் சதையை அழுத்துங்கள். குழி உடனே மேலே எழும்ப வேண்டும். இறாலில் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஊர் சுற்றும் நாளில் மீன் வாங்காதீர்கள். என் சித்தப்பா மகன் ஆசையில் இரண்டு கிலோ இறால் வாங்கிவிட்டான். ஒன்பது மணிக்குப் பையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது, பத்து மணிக்கு அந்தப் பையோடு கோயில் வாசலுக்குக்கூடப் போக முடியாமல் அவன் மட்டும் வீடு திரும்பினான். வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒருவர் காசிமேட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போகும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

5. காலை 7.15: ராயபுரம்

ஷேர் ஆட்டோவில் கல்மண்டபம் வந்து இட்லியோ பூரியோ சாப்பிடுங்கள். அடுத்த சாப்பாடு ஒரு மணிக்குத்தான், அதனால் இங்கே வயிறு நிறையட்டும்.

அப்புறம் ராயபுரம் ரயில் நிலையம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. தூண்கள் வைத்த அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இருபது நிமிடம் போதும். பார்த்துவிட்டு ஆட்டோ தேடாமல் இங்கேயே 5 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்து ரயிலில் ஏறுங்கள், அடுத்த ஸ்டேஷனே பீச். வண்டிகளுக்கு இடையில் நேரம் அதிகம், அதனால் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் முதலில் அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுச் சுற்றிப் பாருங்கள். கையில் நேரமிருந்தால் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவையும் பார்க்கலாம். நகரைச் சுற்றிக் கட்டிய மதில் சுவரில் மிஞ்சியிருக்கும் துண்டு அதுதான். வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரில் உள்ள "வால்" இந்தச் சுவர்தான்.

6. காலை 8.30: பூக்கடை

பீச் ஸ்டேஷனில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாகப் பீச் ரோட்டைக் கடக்க வேண்டும். மேலே குறுக்கே ஓட வேண்டாம், வண்டிகள் நிற்காத ரோடு அது. போஸ் ரோட்டில் மேற்கே நடந்தால் பத்ரியன் தெரு. மல்லி, சாமந்தி, சம்பங்கி, ரோஜா எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கியிருக்கும். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு தெருவில் மிதிபட்ட பூதான் இருக்கும்.

பூ அளப்பது முழம், பந்து, கிலோ என்று ஆளுக்கு ஒரு கணக்கு. விலை கேட்கும்போது எந்தக் கணக்கில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முழ விலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுக் கால் கிலோ பூவோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7. காலை 9.30 முதல் 11.30 வரை: சர்ச்சும் கோயிலும்

இரண்டுக்கும் மதியத்தில் கதவடைப்பு உண்டு, அதனால்தான் கடைத்தெருவுக்கு முன்பே இவற்றை வைத்திருக்கிறேன். அரண்மனைக்காரன் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மீனியர் சர்ச் இருக்கிறது. வாசல் சின்னது, கவனிக்காமல் தாண்டிவிடுவீர்கள். உள்ளே போனதும் ஹாரன் சத்தம் சட்டென்று குறைந்துவிடும். தரையில் பதித்திருப்பவை கல்லறைக் கற்கள், பார்த்து நடங்கள். மணிக்கூண்டு சர்ச்சிலிருந்து தள்ளித் தனியாக நிற்கும்.

அங்கிருந்து தம்பு செட்டி தெரு காளிகாம்பாள் கோயில் கொஞ்ச தூரம்தான். பாரதியார் சுதேசமித்திரனில் வேலை பார்த்த காலத்தில் வந்து வணங்கிய கோயில் என்று சொல்வார்கள். எங்கள் தெருவில் பலர் ஆபீஸ் ஷட்டரைத் தூக்கும் முன்பு இங்கே வந்துவிட்டுத்தான் போவார்கள். செவ்வாய், வெள்ளி என்றால் வரிசை நீளும்.

8. காலை 11.30: மொத்த வியாபாரத் தெருக்கள்

கடைகள் முழுதாகத் திறப்பதே பத்தரைக்குத்தான், அதனால் முன்னால் வந்து பயனில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. கோடவுன் தெருவில் துணி. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல், எசன்ஸ். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் முந்திரி, திராட்சை, மசாலா. கொத்தவால் சாவடியின் காய்கறி மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, ஆனால் மளிகை இன்னும் இங்கேதான்.

எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். இரண்டு தெரு போதும். நான் யாரைக் கூட்டிப்போனாலும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவை விடுவதில்லை. தெரு முனையில் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் மிளகாய், ஏலம், உலர்ந்த பழம், சாக்குப் பை எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக மூக்குக்கு வரும்.

ஆனால் நடுத்தெருவில் நிற்காதீர்கள். இந்தத் தெருக்கள் லோடு ஏற்றும் ஆட்களுக்குச் சொந்தமானவை. தலையில் மூட்டையோடு வருபவரால் கீழே பார்க்க முடியாது, சட்டென்று நிற்கவும் முடியாது. மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுபவருக்கும் அதே நிலைமை, பாரத்தோடு ஒரு முறை நிறுத்திவிட்டால் மறுபடி மிதித்துக் கிளப்புவது பெரும்பாடு. "ஓரம், ஓரம்" என்று பின்னால் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுங்கள். திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில்தான் இடிபடும்.

வாங்குவதாக இருந்தால் முதல் கேள்வி விலையாக இருக்கக் கூடாது. "சில்லறையா குடுப்பீங்களாண்ணா?" என்று கேளுங்கள். டஜன் கணக்கில் விற்பவரிடம் ஒன்றே ஒன்றின் விலையைக் கேட்டால் பதிலே வராது. மண்ணடிப் பக்கம் "பாய்" என்றும் சவுக்கார்பேட்டையில் "சேட்டு" என்றும் கூப்பிடுவது பழகிய வழக்கம், வயதானவர் என்றால் "ஐயா" எங்கும் பொருந்தும்.

ஒரு மணிக்கு மண்ணடியில் சாப்பிடுங்கள். பிரியாணிக் கடைக்கும் சாப்பாட்டு மெஸ்ஸுக்கும் குறைவில்லை. லோடு ஆட்களும் ஆபீஸ் ஆட்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள்.

9. மதியம் 2.30: கோட்டைக்குள்

உச்சி வெயிலில் தெருவில் நடந்து பயனில்லை, கூரைக்கு அடியில் இருக்க வேண்டிய நேரம் இது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி இருக்கிறது. நேராக அதைப் போய்ப் பாருங்கள், மற்றதைக் கால் வலிக்காத அளவுக்குப் பார்த்தால் போதும். பக்கத்திலேயே 1680-ன் செயின்ட் மேரீஸ் சர்ச். அலுவலகக் கட்டடங்களையும் காவலர்களையும் படம் எடுக்காதீர்கள். துறைமுகத்துக்கும் அதே விதிதான். பாஸ் இல்லாமல் எந்த கேட்டிலும் விட மாட்டார்கள், கேட்டைப் படம் எடுத்தாலும் விசாரிப்பார்கள்.

10. மாலை 4.45: பீச் ரோடு, அத்தோ

கோட்டையிலிருந்து வடக்கே நடந்தால் முதலில் ஹைகோர்ட். சிவப்புக் கட்டடத்தின் உச்சிக் கோபுரம் 1977 வரை கலங்கரை விளக்கமாக இருந்தது. கீழே கிழக்குப் பக்கச் சுற்றுச் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வீசிய குண்டு விழுந்த இடம் அது. "அவன் பெரிய எம்டன்" என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்களே, அந்தச் சொல் வந்தது இந்த இரவிலிருந்துதான். தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் கல்வெட்டு, நின்று படிப்பவர் குறைவு.

பர்மா பஜார், பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களுக்காக உருவான கடை வரிசை. எலக்ட்ரானிக் சாமான் வாங்கினால் அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பில் கிடைக்காது.

ஆறு மணி வாக்கில் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ வண்டிகள் வந்துவிடும். கடைக்காரர் ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், மிளகாய்த் தூள், புளித் தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் சேர்த்து, பேஜோ என்ற மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைவார். "காரம் கம்மி" என்று பிசையும் முன்பே சொல்லிவிடுங்கள், பிசைந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் தருவார். நூடுல்ஸ் இரண்டு வாய், சூப் ஒரு வாய் என்று சாப்பிடுங்கள். வறட்டு நூடுல்ஸை மட்டும் சாப்பிட்டுவிட்டு "இதுல என்ன இருக்கு" என்றவர்கள் சூப்பைக் கடைசிக்கு வைத்தவர்கள். முட்டையைக் கீறி நடுவில் வெங்காயம் வைத்துத் தருவதையும் ஒன்று கேட்டு வாங்குங்கள். முழு பிளேட் வேண்டாம், இருவருக்கு ஒன்று போதும். இன்னும் ஒரு தெரு பாக்கி இருக்கிறது.

11. இரவு 7.15: மின்ட் தெரு

போஸ் ரோட்டில் மேற்கே நடந்தால் மின்ட் தெரு குறுக்கே வரும். வலப்பக்கம் திரும்பினால் சவுக்கார்பேட்டை. காகடா ராம்பிரசாத் கடையில் சூடான ஜிலேபி, தெருவோரத்தில் முறுக்கு சாண்ட்விச். முறுக்கு ஊறிப்போவதற்குள் நின்ற இடத்திலேயே சாப்பிட வேண்டும், பார்சல் கட்டினால் வீண்.

பை, போன் இரண்டையும் முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். திரும்பும்போது வந்த வழியே பாரிமுனைக்கு நடக்காதீர்கள். அதே மின்ட் தெருவில் போஸ் ரோட்டைத் தாண்டித் தெற்கே நடந்தால் பார்க் டவுன் வழியாக சென்ட்ரல் வந்துவிடும். மெட்ரோ பதினொரு மணி வாக்கில்தான் கடைசி, லோக்கல் ரயிலுக்குப் பார்க் ஸ்டேஷன் எதிரிலேயே. ஷூவை வீட்டு வாசலிலேயே கழற்றிக் கழுவிவிடுங்கள், காசிமேட்டு வாடை மறுநாள் காலையில்தான் தெரியும்.